மூத்தவன் வரட்டும்

"குச்சி என்கிட்ட இல்லம்மா" என்றார் இன்காதா.

செகுந்தா முரசுக் கொட்டகையின் கூரை விளிம்புக்கு வெளியே மழையில் நின்றிருந்தாள். உள்ளே வா என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பின்னால், அடிமரத்தைக் குடைந்து செய்த முரசு கொழுத்த பன்றி படுத்திருப்பதுபோலக் கிடந்தது. அதன் முதுகின்மேல், அவருடைய முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு குச்சிகளும் இருந்தன.

"அப்ப அது என்ன பெரியப்பா?"

அவர் திரும்பி, முதல்முறை பார்ப்பவர்போல அவற்றைப் பார்த்தார். "அது வெறும் மரம். எடுத்து அடிக்கிறதுக்கு ஒரு வார்த்தை வேணும்ல, அதைச் சொன்னேன். எனக்கு இதுல ஒரு ஆட்சேபணையும் கிடையாது. உங்க மாமா வந்து 'அடி'ன்னு சொல்லட்டும், கை மரத்துப்போற வரைக்கும் அடிக்கிறேன்."

"மாமா உங்களைக் கேக்கச் சொன்னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"தம்பா பெரியப்பாவும் உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு."

"தம்பாவுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"இல்லையாம்."

"பாத்தியா, யாருக்குமே இல்ல" என்றார் இன்காதா, நல்ல சேதி கேட்டவர்போல. புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நல்ல பையன் உங்க அண்ணன். ரொம்ப நல்ல பையன்."

செகுந்தா விடிந்ததிலிருந்து இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு. வெள்ளைக்காரன் காலத்தில் வரி வாங்க இந்த இன்சாந்தே ஊருக்கு வந்த அதிகாரி, "இங்கே தலைவன் யார்?" என்று கேட்டானாம். ஒவ்வொருவனும் பக்கத்து வீட்டைக் கை காட்ட, வெயிலில் ஊரை முழுச்சுற்றுச் சுற்றி வந்து முதல் வீட்டிலேயே போய் நின்றானாம். அவளுடைய அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் வீடே குலுங்கச் சிரிக்கும். நமக்கு ராஜாவும் கிடையாது, எஜமானும் கிடையாது, ஒருத்தன் சொல்லி இன்னொருத்தன் கேட்கிற பழக்கமும் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். கோபப்படுவதற்குக்கூட இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது என்பது இன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

அவளுடைய அண்ணன் இம்பாலி இருட்டுப் பிரியும் நேரத்தில் இறந்திருந்தான். ஐம்பதைத் தாண்டியவன். தாடி நரைத்துப் பாதி வெளுத்திருந்தது. நான்கு பிள்ளைகள், மூத்தவன் கேபிக்கே மீசை முளைத்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் ஊர்க்கணக்கில் இம்பாலி பையன். காட்டுச் சடங்குக்குப் போய், அங்கே முன்தோலில் கத்தி பட்டு, சிவப்புத் தொப்பியோடு திரும்பி வருகிறவன்தான் பெரிய ஆள். போகாதவன் நரைத்தாலும் பையன்தான். பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில் அவனுக்கு வாய் கிடையாது. இளந்தாரிகளோடு ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிட வேண்டும். செத்தால் முரசு கிடையாது, அவன் பெயரில் மாடு விழாது. பாடையை நிறுத்திவைத்து, 'உன் உயிரை யார் தின்றது?' என்று கேட்கக்கூட மாட்டார்கள். பையனின் உயிரை எது வேண்டுமானாலும் தின்றிருக்கலாம். கடலோதம் பெருகி வெள்ளம் ஏறுவதற்குள் மற்றப் பையன்கள் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். முன்னோர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு அவனுக்கு வழி தெரியாது.

இம்பாலி போகாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஒரு வீட்டில் மூத்தவன் போகாமல் இளையவன் காட்டுக்குப் போக முடியாது. மூத்தவன் துவார்த்தே, கேபி பிறப்பதற்கு முன்பே லிஸ்பனுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். இரண்டு தடவை சடங்கு வந்தது. இரண்டு தடவையும் வருகிறேன் என்றான், வரவில்லை. மூத்தவன் வரட்டும் என்று தாய்மாமா பிகாதே சொன்னார். இம்பாலியும் அதையே சொன்னான்.

செகுந்தா மறுபடியும் மாமா வீட்டுக்கு நடந்தாள்.

பிகாதே வாசலில் கூரை நிழலுக்குள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் சோறு, தொடாமல் குளிர்ந்துபோய்ப் பனையெண்ணெய் உறைந்திருந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இன்காதா பெரியப்பாவுக்கு ஆட்சேபணை இல்லையாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

"நான் எப்படிம்மா சொல்றது?"

"வாயைத் தொறந்துதான் மாமா."

அவர் அதற்குக் கோபப்படவில்லை. "செத்தவனைக் காட்டுக்கு அனுப்ப முடியாது, செகுந்தா. போகாதவனுக்கு ஒரு தடவை முரசு அடிச்சுட்டா, அப்புறம் காடு எதுக்கு? பசங்க அத்தனை பேரும் பிஸ்ஸாவு பட்டணத்துல போய் சுத்திட்டு, சாகறப்ப வந்து படுத்துக்கிட்டு, எனக்கும் அடின்னு கேப்பானுங்க."

"இவன் எங்கயும் போய் சுத்தலையே. இங்கதானே கிடந்தான். போன வருஷம் பெரிய வெள்ளம் வந்து கரை உடைஞ்சப்ப, கழுத்தளவு தண்ணியில நின்னு அடைச்சது யாரு? உப்புத்தண்ணி ஏறியிருந்தா உங்க வயலும்தான் போயிருக்கும். அன்னிக்கு நின்னது பையனா?"

"ஆமா" என்றார் பிகாதே. "கரை போடறது பையனுங்க வேலைதானே."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. வானம் மேலே இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

"நான் ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பணும்னு இருந்தேன். உங்கம்மா சாகும்போது அவ கையைப் பிடிச்சுட்டு சொன்னேன், ரெண்டு பேருக்கும் தொப்பி நானே வைக்கிறேன்னு. மூத்தவன் வரட்டும்னு நான் ஆசைப்பட்டா சொன்னேன்? முறை சொல்லுது."

"முறையோட வாய் எங்க இருக்கு மாமா? அதுகிட்டப் போய் நான் பேசிக்கிறேன்."

அவர் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிவிட்டாள்.

வீட்டில் அண்ணி நியாசே தனியாக இம்பாலியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரிய ஆள் செத்தால் சிவப்புத் தொப்பிக்காரர்கள் வந்து கழுவுவார்கள். பையனைப் பெண்கள் கழுவினால் போதும். செகுந்தா சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு ஊற்ற, நியாசே கையால் வழித்துவிட்டாள். தோள்கள் இரண்டும் மரம்போல இறுகியிருந்தன. ஆள் உயரத்துக்கும் மேல் நீண்ட மண்வாரியை உந்தி உந்தி வலது கை இடது கையைவிடப் பருத்திருந்தது. கரையில் மண் அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். குடல் இறங்கி முறுக்கிக்கொண்டது என்று பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அனுபவமுள்ள யாரோ சொன்னார்கள். படகு கிடைத்தபோது ஓதம் இறங்கி ஆற்றில் நீர் வற்றியிருந்தது. நீர் ஏறியபோது அவனைத் தூக்க முடியவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றாள் நியாசே.

"யாருக்கும் ஆட்சேபணை இல்லையாம்."

நியாசே மூக்கால் சிரித்தாள். "எப்படி இருக்கும்? இத்தனை வருஷமும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இவரு பெரிய ஆள் ஆயிட்டா என்ன ஆகும் சொல்லு. தொப்பியை வெச்சுக்கிட்டு இன்காதா மாதிரி வாசல்ல உக்காந்துக்குவாரு. அப்புறம் கரைக்கு யாரு போறது? இளவட்டங்களைக் கிளப்பிக் கூட்டிட்டுப் போக ஆள் யாரு? இருக்கற பசங்கள்ல பாதி பிஸ்ஸாவுல, மீதி முந்திரித் தோப்புல. மூத்தவன் வரட்டும், மூத்தவன் வரட்டும்னாங்க. நான் சொல்றேன், மூத்தவன் வந்துடக்கூடாதுன்னு தினம் ஒரு கோழி அறுத்திருப்பாங்க."

"அண்ணி, மெதுவா."

"ஏன், யாரு கேப்பா? பையன் வீட்டுச் சாவுக்கு யாரு வந்திருக்கா?"

உண்மைதான். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி மட்டும் மூலையில் உட்கார்ந்து, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். செகுந்தா மறுகரைப் புகுந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் மூட்டையிலிருந்து, திருமணத்துக்கு வந்த நெய்த துணி இரண்டை எடுத்தாள். கிழவி ஒரு விரலைக் காட்டினாள். "ஒண்ணுதான்."

"ஒண்ணு பத்தாது பாட்டி. அவன் உயரம்."

"பையனுக்கு ஒண்ணு."

துணியைச் சுற்றினார்கள். தலையை மூடினால் கால் வெளியே வந்தது. காலை மூடினால் நெற்றி தெரிந்தது. கீழே இழுத்தார்கள், மேலே இழுத்தார்கள், குறுக்காகச் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கால்கள் கணுக்கால் வரை வெளியே நின்றன. பித்தவெடிப்புகளில் கரைச்சேறு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. செகுந்தாவுக்குத் துணியைக் கிழித்து எறியவேண்டும் போலிருந்தது.

கேபி கதவருகே வந்து நின்றான். கையில் மண்வாரி, தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. "அத்தை, லிஸ்பன் பெரியப்பா கூப்பிட்டாராம். பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னாரு. புத்து மேல ஏறினா மறுபடி கிடைக்கும்."

"குழி ஆச்சா?"

"தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது." அவன் அப்பாவின் கால்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். "வெள்ளத்துக்குள்ள முடிச்சாகணும்."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கரையான் புற்றின் மேல் ஏறி நின்றால்தான் அந்த ஊரில் போன் பேச முடியும். மழையில் அது வழுக்கியது. செகுந்தா இரண்டு முறை சறுக்கி, மூன்றாம் முறை கைகளால் பற்றி ஏறினாள். ஒரு கையால் பக்கத்து மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் அழுத்தினாள்.

"செகுந்தா! கேக்குதா? செகுந்தா!"

"கேக்குது."

"நான் இன்னிக்கி வேலைக்குப் போகல. காலையிலேருந்து அழுதுட்டே இருக்கேன். என்னால நம்பவே முடியல. என் தம்பி..."

"வர்றியா?"

"எப்படி வர்றது? நான் கிளம்பி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். நீ ஒண்ணு பண்ணு, என் மாட்டுல பெருசா ஒண்ணை அடிச்சிடுங்க. அந்த வளைஞ்ச கொம்பு. யார்கிட்டயாவது சொல்லி வீடியோ எடுக்கச் சொல்லு. முரசு அடிக்கறப்ப எடுத்து அனுப்பினா இங்க நம்ம ஆளுங்க எல்லாரும் சேர்ந்து பாப்போம்."

"மாடு விழாது. முரசும் இல்ல."

"ஏன்?"

செகுந்தா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் பார்த்தாள். பிறகு மறுபடி வைத்துக்கொண்டாள். "ஏன்னா அவன் பையன். நீ வரலை, அதனால அவன் பையனாவே செத்துட்டான். உன் மாட்டையும் மேச்சுக்கிட்டு."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது.

"சரி, ஆனது ஆச்சு" என்றாள். சண்டை போட்டால் இணைப்பு அறுந்துவிடும் என்ற பயத்தில் குரலை இறக்கினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணா. அடுத்த சடங்குக்காவது வந்துடு. கேபிக்காக. அவனுக்கு முன்னால இப்ப நீ மட்டும்தான் நிக்கறே. இவனையும் நரைக்க விட்டுடாத."

"நான் எங்க வர்றது? எனக்குத்தான் எப்பவோ முடிஞ்சிடுச்சே."

"என்ன முடிஞ்சுது?"

"அதான். கத்தி. இங்க ஆஸ்பத்திரியில. கொஞ்சம் தொந்தரவு இருந்துச்சு, டாக்டர் எடுத்துடலாம்னாரு. அரை மணி நேரம்கூட ஆகல. சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன்." அவன் நிறுத்தினான். "உனக்குத் தெரியாதா? இம்பாலிக்குத் தெரியுமே."

மழைத்தண்ணீர் அவள் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப தெரியும்?"

"அப்பவே சொல்லிட்டேன். கேபி பொறந்த சமயம். வருவேன் வருவேன்னு அவன் காத்துட்டு இருக்கக் கூடாதுல்ல."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், 'யார்கிட்டயும் சொல்லிடாதே அண்ணா. என்னிக்காவது ஊருக்குத் திரும்பணும்ல நீ'ன்னான்." துவார்த்தேயின் குரல் உடைந்தது. "நான் அவனைக் காத்திருக்கச் சொல்லவே இல்ல செகுந்தா. நீ போடான்னுதான் சொன்னேன்."

"எப்படிப் போவான்?" என்று கத்தினாள். "காட்டுக்குள்ள போறவன்கிட்ட, உன் மூத்தவன் எங்கன்னு கேப்பாங்களே! அங்க நின்னுட்டுப் பொய் சொல்ல முடியுமா?"

இணைப்பு அறுந்திருந்தது. அவள் கத்தியதில் எந்த இடத்தில் அறுந்தது என்றுகூடத் தெரியவில்லை. மறுபடி முயன்றாள். கிடைக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தாள், மேலும் எக்கினாள், கால் சறுக்கிப் புற்றின் மறுபக்கம் விழுந்தாள்.

சேற்றில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். காட்டுக்கு வெளியே கத்தி பட்டவனுக்கு இந்த ஊரில் இடமே கிடையாது. அவன் பையனும் இல்லை, பெரிய ஆளும் இல்லை. மறுபடி வெட்ட எதுவும் மிச்சமில்லாதவன் எந்தச் சட்டியில் கைவிடுவான், எந்தக் குழியில் படுப்பான்? துவார்த்தே காட்டுக்கு வரப்போகிறான் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கும் வரைதான் அவனுக்கு ஊர் உண்டு. வாசலில் ஒருத்தன் காத்துக்கொண்டு நின்றால்தான் அந்த நம்பிக்கை நிற்கும். இம்பாலி நின்றான். லிஸ்பன்காரன் காட்டுக்கு வரவே முடியாது என்று அவனுக்குத் தெரியும். அப்படியிருந்தும் நின்றிருக்கிறான்.

வீட்டுக்குப் போனபோது நியாசே பின்கட்டில் இருந்தாள். கிழவி தூங்கிப்போயிருந்தாள். செகுந்தா அண்ணனின் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

"உன்னை யாருடா கேட்டா?" என்றாள் மூடியிருந்த முகத்திடம். "யார் கேட்டா உன்னை? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. நான் காலையிலேருந்து நாய் மாதிரி வீடு வீடா ஏறி இறங்கறேன், அவனைத் திட்டறேன், மாமாவைத் திட்டறேன். நீ இங்க சும்மா படுத்துட்டு இருக்கே."

துணியின் மேல் கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. கை அப்படியே நின்று, பிறகு துணியின் மடிப்பொன்றை நீவிவிட்டது.

"யார்கிட்டப் பேசற?" என்றபடி நியாசே உள்ளே வந்தாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

நியாசே அவளையே பார்த்தாள். ஏதோ கேட்கப்போவதுபோல இருந்தது. பிறகு குனிந்து தண்ணீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதைச் செகுந்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. கேட்டால் சொன்னதாகிவிடும்.

ஆனால் மாமாவிடம் சொல்லியே தீருவது என்று கிளம்பினாள். யாருக்காக வாயை மூட வேண்டும்? இம்பாலி செத்தாகிவிட்டது. லிஸ்பன்காரனின் மானம் போனால் போகட்டும். முரசு இல்லாமல் போனதற்கு முறை காரணமில்லை, ஆஸ்பத்திரிக் கத்திதான் காரணம் என்று அந்தக் கிழவர் முகத்துக்கு நேராகச் சொன்னால்தான் தன் நெஞ்சு ஆறும். போகிற வழியிலேயே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டாள்.

பிகாதே அதே முக்காலியில்தான் இருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள், "பெரியவன் பேசினானாமே?" என்றார். "வர்றேன்னானா?"

அவள் மூச்சிரைக்க நின்றாள்.

"அந்த வளைஞ்ச கொம்பு மாடு இருக்கே, அதை நான்தான் பாத்து வெச்சிருக்கேன் அவனுக்கு. தொப்பியும் எடுத்து வெச்சிருக்கேன். ஒண்ணு போச்சு. இன்னொருத்தனுக்காவது என் கையால வெச்சுட்டுக் கண்ணை மூடிட்டா, உங்கம்மா முகத்துல முழிக்கலாம்." சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "வர்றேன்னானா?"

அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளை அவள் கலைத்துப்போட்டாள். இதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் ஒருத்தன் வயதெல்லாம் இளவட்டங்களோடு சோறு தின்றான். அவன் இன்னும் மண்ணுக்குள்கூடப் போகவில்லை.

"வரமாட்டானாம் மாமா" என்றாள். "அவனுக்கு உடம்பு சரியில்ல. தன்னோட முறையைக் கேபிக்கு விட்டுக்கொடுத்துட்டானாம். அடுத்த சடங்குக்குக் கேபியை அனுப்பச் சொல்லிட்டான்."

"விட்டுக்கொடுக்கற வழக்கம் உண்டான்னு தெரியலையேம்மா."

"உண்டு, இல்லைன்னு யார் சொல்லணும்?"

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல. எதுக்கும் இன்காதாவையும் ஒரு வார்த்தை..."

செகுந்தா சிரித்துவிட்டாள். சத்தமாக, நிறுத்த முடியாமல் சிரித்தாள். மாமா பயந்துபோய், துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று எழுந்து அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டுவிட்டு நடந்தாள்.

பையன்கள் வந்திருந்தார்கள். இருபது பேருக்குக் குறையாது. குழியிலிருந்து நேராக வந்ததால் தலைமுதல் கால்வரை சேறு. சதுப்பில் வளரும் கண்டல் மரக் கம்புகளால் கட்டிய பாடையை வாசலில் போட்டு இம்பாலியைத் தூக்கி வைத்தார்கள். ஊரில் பெரியவர்கள் எல்லோரும் தத்தம் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்கு ஊடே சிவப்புத் தொப்பிகள் மட்டும் அங்கங்கே மங்கலாகத் தெரிந்தன. பையன் சாவுக்கு அவர்கள் எழுந்து வரக்கூடாது.

"இவன் கால் என்ன இப்படி வெளியே நீட்டிட்டு இருக்கு?" என்றான் ஒருத்தன். பெயர் சொல்லி, மரியாதை இல்லாமல்தான் பேசினார்கள். ஊர்க்கணக்கில் அவர்களுக்கு அவன் சமவயதுக்காரன். "டேய் இம்பாலி, எங்கடா ஓடப் பாக்கறே? கரைவேலை பாதியில கிடக்கு!"

"சோம்பேறி! வெயில் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையாடா?"

"ஆடத் தெரியாதவன், சாகவாவது தெரியுதே. விடு."

செகுந்தாவுக்கு முதலில் உடம்பு பற்றி எரிந்தது. அவர்களை வாயை மூடச் சொல்லத் திரும்பியபோது, நியாசே உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று அவள் கன்னத்தில் துடித்தது. கேலி பேசிய பையன் தன் பச்சைக் கால்பந்துச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, இம்பாலியின் கால்களில் சுற்றிக் கைகளை முடிச்சுப் போட்டான். கிழவி ஆட்சேபிக்க வாயெடுத்தாள். "அது துணியில்ல பாட்டி, சட்டை" என்றான் அவன்.

தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கரைபோடும்போது பாடுகிற பாட்டைப் பாடினார்கள். ஒருவன் ஒரு அசிங்கமான அடியை எடுத்துவிட மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் பாட்டு. கேபி முன்னால் தூக்கினான், பாடவில்லை.

குழியில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. எண்ணெய் டப்பாக்களால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. வெள்ளம் ஏறும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. தூரத்தில் கண்டல் காட்டுக்குள் தண்ணீர் நுழையும் சலசலப்பு கேட்டது. "போதும், இறக்கு" என்று யாரோ சொன்னார்கள். "இன்னும் ஒரு தடவை" என்றான் கேபி. இறைத்தார்கள். "போதும்டா." "இன்னும் ஒரு தடவை." கடைசியில் அவனே குழிக்குள் குதித்து, டப்பாவை எறிந்துவிட்டு, இரண்டு கைகளாலும் தண்ணீரை வாரி வாரி வெளியே வீசத் தொடங்கினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே நிறுத்திவிட்டு, கையை மேலே நீட்டி அப்பாவை வாங்கிக்கொண்டான்.

மண் விழுந்ததும், பாதிப் பேர் மண்வாரிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே கரைப்பக்கம் ஓடினார்கள். அன்றைய வெள்ளம் பெரிய வெள்ளம்.

"அத்தை" என்றான் கேபி. "பெரியப்பா என்ன சொன்னாரு?"

"உன்னை அனுப்பச் சொல்லிட்டாரு. காட்டுக்கு."

"அவரு போகாமயா?"

"அவரு போகாமத்தான்."

அவன் கையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தான். "அப்பாவையும் அப்படி அனுப்பச் சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

அவன் மண்வாரியை எடுத்துக்கொண்டு மற்றவர்களின் பின்னால் போனான்.

மறுநாள் காலை அவள் கிளம்பினாள். மறுகரையில் அவளுடைய நாற்றங்காலும் முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் நடவு பிசகிவிடும், கணவன் ஒண்டி ஆளாக என்ன செய்வான். நியாசே துறை வரைக்கும் வந்து, வாழையிலையில் சுட்ட மீன் கட்டிக் கொடுத்தாள்.

படகுக்காரர் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. வயதானவர், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மழை விட்டு ஆறு பால்போல வெளிறிக் கிடந்தது. நடு ஆற்றுக்கு வரும்வரை அவர் துடுப்பு வலித்தார்.

"அந்த ஊர்ல யாரோ தவறிட்டாங்களாமே?" என்றார் பிறகு.

"ஆமா. எங்க அண்ணன்."

"அடடா." துடுப்பை இரண்டு முறை வலித்தார். "பையனாம்மா?"

செகுந்தா மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். இலையின் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது.

"இல்ல" என்றாள். "பெரிய ஆள்."

அவர் துடுப்பை நிறுத்தினார். தண்ணீரிலிருந்து அதைத் தூக்கி, முழங்கால்களின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு தலை குனிந்தார். துடுப்பின் நுனியிலிருந்து சொட்டுகள் விழுந்தன. தள்ளுவாரில்லாத படகு மெல்ல மூக்கைத் திருப்பி, வடிகிற நீரோடு பக்கவாட்டில் கடல் பக்கம் போகத் தொடங்கியது. கரையோரக் கண்டல் வேர்கள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. இறங்கவேண்டிய துறை பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தும், வலிக்கச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.